எடை குறையாத உப்புக்கட்டி

கட்டிக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் பால் சங்கத்தின் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். மாடுகள் நக்குவதற்கான உப்புக்கட்டி செய்வது அவர் வேலை. பால் அளக்கும் கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதில் ஒரு கலவைத் தொட்டி, ஒரு திருகு அச்சு, சுவரோரம் கட்டிகளைக் காயவைக்கும் மரத்தட்டுகள். இருபத்திரண்டு வருடமாக அவருடைய ராஜ்யம் அவ்வளவுதான்.

உப்புக்கட்டி செய்வதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு. உப்பு, தவிடு, சுண்ணாம்பு, இறுகுவதற்குக் கொஞ்சம் சிமெண்ட், எல்லாவற்றையும் பிடித்து வைக்கச் சர்க்கரை ஆலையிலிருந்து வரும் கறுத்த பாகு. இதெல்லாம் மாட்டைக் கூப்பிடுவதற்கு. காரியம் செய்வது கோபால்ட் உப்பு என்ற சிவந்த தூள். ஒரு தொட்டிக் கலவைக்கு ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். அதை அப்படியே கொட்டிக் கிளறினால் ஏதாவது ஒரு கட்டியின் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், மற்ற கட்டிகளெல்லாம் வெறும் உப்பாகிவிடும். அதனால் வெந்நீரில் கரைத்து, பூவாளியில் ஊற்றி, ஒருவர் திருப்பித் திருப்பிக் கிளற, இன்னொருவர் மழை மாதிரி தெளிக்க வேண்டும். கிளறுவதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம். பூவாளியை மட்டும் அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் சட்டையெல்லாம் பாகு. அவர் வாசலில் கால் வைப்பதற்கு முன்னால் எறும்புகளுக்குச் செய்தி போய்விடும். “நான் கட்டிக்கிட்டது ஒரு ஆளை. கூடவே ஒரு புத்தும் வரும்னு யாரும் சொல்லல” என்பாள் அவர் மனைவி. சட்டையை வெளியிலேயே கழற்றி வாங்கி, வாளித் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் அவரை உள்ளே விடுவாள்.

இந்தக் கட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், காரணம் மேலே சரிவில் இருக்கும் பொது மேய்ச்சல் நிலம். மண் அரிக்காமல் இருக்கட்டும் என்று எந்தக் காலத்திலோ எவரோ ஒரு புல்லை அங்கே விதைத்துவிட்டுப் போனார்கள். புண்ணியவான், என்ன ஏது என்று விசாரித்துவிட்டு விதைத்திருக்கலாம். பார்க்க நல்ல புல், செழித்து வளரும், மாடு ஆசையாகத் தின்னும். ஆனால் மழை பெய்ததும் கிளம்பும் இளந்தளிரில் விஷம் இருக்கிறது. அது மாட்டின் நரம்பில் போய் ஏறும். முதலில் தலை ஆடும், பிறகு முன்கால்கள் பின்னிக்கொள்ளும், கொஞ்சம் விரட்டினாலும் முட்டி மடங்கி விழும். எல்லோரும் அதைத் தள்ளாட்டப்புல் என்றே சொல்வார்கள். கோபால்ட் தவறாமல் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தால் விஷம் அங்கேயே முறிந்துவிடும். நரம்பில் ஏறிவிட்டாலோ, பிறகு மூட்டை மூட்டையாகக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

ஆக, மாடு கட்டியை நக்குகிறதா இல்லையா என்பதுதான் எல்லாமே. அதைத் தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு வழி இருந்தது. சனிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் ஒரு கொக்கித் தராசை மாட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வருவார். ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு கட்டி மரத்தடியில், மழை படாமல் சின்னத் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும். தூக்கி மாட்டுவார், எடை பார்ப்பார், போன வாரத்தைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று குறித்துக்கொள்வார். எட்டொன்பது மாடுகள் உள்ள மந்தையில் வாரத்துக்கு மூன்று கிலோ குறைந்தால் கணக்குச் சரி.

அந்த மூன்று கிலோவுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பழைய அச்சில் போட்ட கட்டி பொலபொலவென்று இருக்கும். மாடு நக்காது, கடித்தே தின்றுவிடும். பத்துக் கிலோ கட்டி ஒரே வாரத்தில் காலியாகும். “என்ன கட்டிக்காரரே, கட்டி செய்றீங்களா, மிட்டாய் செய்றீங்களா?” என்று சங்கத்துச் செயலாளர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அதை அவர் மறக்கவே இல்லை. சுண்ணாம்பைக் கூட்டிப் பார்த்தார், பாகைக் குறைத்துப் பார்த்தார், நீளக் கைப்பிடி வைத்த புது அச்சு வேண்டும் என்று ஆறு வருடம் மனு எழுதினார். கடைசியில் இந்தக் கோடையில்தான் அச்சு வந்தது. அதில் போட்ட முதல் கட்டியைக் காய்ந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போய் மேசைமேல் வைத்து, விரலால் தட்டிக் காட்டினார். “பாத்தியா? கல்லு.” மனைவி பார்த்தாள். “நல்லா இருக்குங்க. தரையில வைங்க, எறும்பு வரும்” என்றாள்.

அவருக்கு ஓர் அக்கா. எட்டு வயது மூத்தவள். கணவன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஒன்பது மாடுகளை வைத்துக்கொண்டு, மேல்சரிவுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு ஒன்பது மாட்டின் மடியிலிருந்துதான் வந்தது. இதை அக்கா யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவுக்கு அந்தப் புல்லின் மேல் பழைய பயம் உண்டு. கல்யாணமாகி வந்த முதல் வருடம், மாமனாரின் நான்கு மாடுகள் தள்ளாடி விழுந்து செத்ததைக் கண்ணால் பார்த்தவள். அதனால் மழை பெய்ததும் ஒன்றரை மாதம் மாடுகளைக் கொட்டிலில் கட்டிப்போட்டு வைக்கோல் போடுவாள். தம்பி கட்டி செய்ய ஆரம்பித்த பிறகுதான், அதுவும் அவர் நாலைந்து வருடம் மன்றாடிய பிறகுதான், அந்தப் பழக்கத்தை விட்டாள். அவளைச் சம்மதிக்க வைத்ததில் அவருக்கு ரொம்பப் பெருமை. மற்றவர்கள் நூறு பேர் வாங்கினாலும், அக்கா வாங்கிய அன்றுதான் தன் கட்டி தேறிவிட்டது என்று நினைத்தார்.

இந்தக் கோடை கடுமையாக இருந்தது. மேல்சரிவில் இருந்த குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்தது. சங்கத்தில் ஓர் ஆழ்குழாய் போட்டுத் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் மேய்வது அக்காவின் மந்தை ஒன்றுதான், மற்றவர்கள் எல்லோரும் கீழே ஓடைப் பக்கம். குழாய்த் தண்ணீர் வந்ததும் அக்காவுக்கு நிம்மதி. “கொஞ்சம் கரிக்குது. இருந்தா என்ன, தண்ணின்னு ஒண்ணு வருதே” என்றாள். தம்பியும் தலையாட்டினார்.

புது அச்சும் குழாயும் ஒரே மாதத்தில் வந்ததுதான் வினையாகப் போயிற்று. ஓடைப் பக்கத்து மந்தைகளில் புதுக் கட்டி வாரத்துக்கு மூன்று கிலோ, சொல்லி வைத்தாற்போல் குறைந்தது. அக்காவின் கட்டி முதல் வாரம் ஒரு கிலோ குறைந்தது. அடுத்த வாரம் அரைக் கிலோ. அதற்கடுத்த வாரம் கொக்கித் தராசின் முள் போன வாரம் நின்ற எண்ணைவிட்டு அசையவே இல்லை என்று சொல்லலாம். வேறு மந்தையாக இருந்தால் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பார். அக்காவின் மந்தையாயிற்றே, அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. சங்கத்தில் போய், “எங்கக்கா வீட்டு மாடும் எங்கக்கா மாதிரிதான். எதுக்கும் அலையாது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மிட்டாயா என்று கேட்ட செயலாளரும் சிரித்தார். அதில் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

பிறகு மழை வந்தது. நான்கு நாள் பெய்தது, வெடித்த குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் ஐந்தாம் நாள் சரிவு முழுக்கப் பச்சை. அன்று காலை பால் ஊற்ற வந்த அக்கா, காலிக் கேனோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, இந்த வருஷம் ஒன்றரை மாசம் மாட்டைக் கட்டிப் போடலாம்னு பாக்குறேன்.”

அவர் பூவாளியைக் கீழே வைத்தார். “ஏன்க்கா? அதான் கட்டி இருக்கே.”

“இருக்கு. அப்படியே இருக்கு. அதுங்க மோந்து பாத்துட்டுப் போயிடுதுங்க.”

“புது அச்சுல போட்ட கட்டிக்கா. கல்லு மாதிரி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கரையும், கண்ணுக்குத் தெரியாது.”

“நக்குன மாதிரியே தெரியலடா.”

“நீ என்ன நாள் பூரா அங்கேயே நின்னுக்கிட்டு இருக்கியா? நீ வீட்டுக்கு வந்த பிறகு நக்கும். எவ்வளவு வேணும்னு அதுங்களுக்குத் தெரியாதா? வைக்கோல் விக்கிற விலையில எதுக்குக் கட்டிப் போடுற? தைரியமா ஓட்டிவிடு. நான் சொல்றேன்ல.”

“சரி, நீ சொன்னா சரிதான்” என்று அக்கா கேனை எடுத்துக்கொண்டு போனாள். அவர் மறுபடி பூவாளியை எடுத்தார்.

பதினெட்டாம் நாள் காலை அக்கா பால் கொண்டுவரவில்லை. போன் செய்தாள். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. “குட்டச்சி தலையை ஆட்டுதுடா” என்றாள். அவ்வளவுதான்.

குட்டச்சி மந்தையில் குள்ளமான மாடு, அதிகப் பால் கறப்பதும் அதுதான். அவர் போனபோது கொட்டில் நடுவில் நின்றுகொண்டிருந்தது. எதையோ ஒப்புக்கொள்வது போலத் தலை மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. காலடியில் கறந்த பால் கொட்டிக் கிடந்தது. அவர் கிட்டே போனதும் மிரண்டு ஒரு எட்டு வைத்தது. முன்கால்கள் பின்னிக்கொண்டன. முட்டி மடங்கி, தாடை தரையில் இடிக்க விழுந்தது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை அவரே போய் அழைத்து வந்தார். சின்ன வயது, ஆனால் கெட்டிக்காரி, மாட்டைத் தொடுவதற்கு முன்னால் நாலு இடத்தைப் பார்ப்பவள். அதற்குள் இன்னும் இரண்டு மாடுகளுக்குத் தலை ஆட ஆரம்பித்திருந்தது. அவள் ஒன்பது மாடுகளையும் பார்த்துவிட்டு, “கட்டி எங்க இருக்கு?” என்று கேட்டாள். மூவரும் மேல்சரிவுக்கு நடந்தார்கள்.

மரத்தடியில் கட்டி கிடந்தது. டாக்டரம்மா குனிந்து அதன் விளிம்பில் விரலை ஓட்டினாள். முதல் இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் லேசாக மழுங்கியதோடு சரி, மற்ற விளிம்பெல்லாம் அச்சிலிருந்து எடுத்த அன்று இருந்த மாதிரியே கூராக இருந்தது. மாடு நக்கிய கட்டி எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நடுவில் குழிந்து, ஓரமெல்லாம் மழுங்கி, வழவழவென்று இருக்கும். முள் அசையாமல் நின்ற நான்கு சனிக்கிழமையும் அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கியிருக்கிறார். எண்ணைப் பார்த்தாரே தவிரக் கட்டியைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா தொட்டியருகே போய்த் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். துப்பினாள்.

“இந்தத் தண்ணி எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் ஆகப் போகுது” என்றாள் அக்கா.

“தண்ணியிலயே உப்பு இருக்கும்மா. அப்புறம் எதுக்கு அதுங்க கட்டிகிட்ட வரப்போகுது.”

மேற்கொண்டு அவள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உப்பு ஆசைக்குத்தான் மாடு கட்டியிடம் வருகிறது, அந்த ஆசையில்தான் மருந்தும் உள்ளே போகிறது. இதைச் சங்கத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தது யார்? இவர்தான். வாய் வலிக்க இருபத்திரண்டு வருடம் சொல்லியிருக்கிறார். கல் மாதிரி கட்டி போட்டுவிட்டோம் என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அன்றே எல்லா மாடுகளையும் புல்லிலிருந்து ஓட்டிவந்தார்கள். தலை ஆடாத மாடுகளுக்கு டாக்டரம்மா கோபால்ட் கரைசலை வாய்வழியே புகட்டினாள். அவர்தான் ஒவ்வொன்றின் தாடையையும் பிடித்துக்கொண்டார். தலை ஆடிய மூன்று, வாரம் முடிவதற்குள் ஐந்தாயின. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. எழ முயலும், பின்னங்கால் எழும், முன்கால் மடங்கும், மறுபடி விழும். முட்டிகளில் தோல் உரிந்து சதை தெரிந்தது. பசி மட்டும் போகவில்லை. வைக்கோலை வாயருகே கொண்டுபோனால், ஆடுகிற தலையோடு அதைப் பிடிக்கப் பார்க்கும். மூன்று முறை தவறி நான்காவது முறை பிடிக்கும். அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஆனாலும் தினமும் போனார்.

செய்தி பரவி ஆட்கள் வந்தார்கள். ஒருவர், “என்னம்மா, தம்பி குடுத்த கட்டி சரியில்லையா?” என்று கேட்டார். அக்கா சட்டென்று திரும்பினாள். “அவன் கட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. தண்ணி உப்பாப் போச்சு, அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?” என்றாள். செயலாளரும் தோளில் கை வைத்து அதையே சொன்னார். எல்லோரும் அவரைச் சமாதானப்படுத்தினார்கள். கட்டிப் போடுகிறேன் என்று அக்கா கேட்டதும் அவர் வேண்டாம் என்றதும் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார்.

ஐந்தையும் இனி வைத்திருப்பது பாவம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஊசி போடுவதற்கு நாள் குறித்த அன்று காலை அவர் போனபோது, அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, படுத்துக் கிடந்த குட்டச்சியிடம் பால் கறந்துகொண்டிருந்தாள். இரண்டு காம்பு உடம்புக்கு அடியில் சிக்கியிருந்தது, மற்ற இரண்டில் கறந்தாள். பாலைச் செம்பில் பிடிக்காமல் தரையிலேயே விட்டாள்.

“மடி கட்டிக்கிட்டு வலிக்கும்ல. போற நேரத்துல அந்த வலியாவது இல்லாம போகட்டும்” என்றாள்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னார். “அக்கா, கட்டி எடை குறையலன்னு எனக்கு நாலு வாரமாத் தெரியும். கையில தூக்கிப் பாத்தேன். சிரிச்சுட்டு வந்துட்டேன்.”

அக்கா கறப்பதை நிறுத்தவில்லை. “எனக்கும்தான் தெரியும். நீ எடையைப் பாத்த, நான் அதுங்க மூஞ்சியையே பாத்தேன். ஒண்ணுகூட நாக்கை நீட்டல. என் கண்ணால பாத்தேன்டா. பாத்துட்டும், நீ சொன்னியேன்னு ஓட்டிவிட்டேன்.”

அவர் அழுதுவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா புறங்கையால் அவர் முதுகைத் தடவினாள், விரல்கள் பாலாக இருந்ததால். “சரி, விடு. டாக்டரம்மா வண்டி வருது பார். எழுந்து முகத்தைக் கழுவு” என்றாள்.

ஐந்து மாடுகளையும் மேல்சரிவின் ஓரத்தில் பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். மிச்சம் நாலு. அதில் ஒன்று கிடாரி, ஒன்று சினை. கறப்பது இரண்டே இரண்டு. அடுத்த மாதம் மகள் விடுதியைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினாள். தான் பார்த்துக்கொள்வதாக அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “உனக்கும் வீடு இருக்கு” என்று அக்கா முடித்துவிட்டாள். அந்தப் பெண் இப்போது மருந்துக் கடையில் வேலைக்குப் போகிறாள். மாமா என்று பழையபடிதான் கூப்பிடுகிறாள். அவருக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

வேலையை விட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார். அவள் நனைத்த சட்டையைப் பிழிந்தபடியே, “விட்டுட்டு? அந்த நாலு மாட்டுக்கு யார் செய்வா?” என்றாள். அது அவர் மண்டையில் உறைத்தது. உப்புத் தண்ணீர் குடிக்கிற மாட்டை உப்பால் கூப்பிட முடியாது. அப்படியானால் வேறு எதைக் காட்டிக் கூப்பிடுவது? மூன்று வாரம் கொட்டகையே கதி என்று கிடந்தார். கடைசியில் கட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தார். உப்பே போடாமல், தவிட்டில் பாகைப் பிசறி, கோபால்ட் நீரைத் தெளித்து, உதிரியாகக் காயவைத்தார். தினமும் கறவை நேரத்தில் மாட்டுக்கு ஒரு பிடி தீவனத் தொட்டியில் போட்டால், நக்குமா நக்காதா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடைப் பக்கத்து மந்தை ஒன்றில் போட்டுப் பார்த்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை.

அந்த உதிரித் தவிட்டை ஒரு மூட்டையாகக் கட்டி, மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். பல நாளைக்குப் பிறகு மனதில் கொஞ்சம் தெம்பு இருந்தது. மூட்டையை இறக்கி வாசலில் வைத்து, வாயை அவிழ்த்துக் காட்டினார்.

“உப்பே கிடையாதுக்கா. தவிடும் பாகும். காலையில ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. இது சரியா வரும்க்கா. பயப்படாம குடு.”

அக்கா ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். “நல்ல வாசனையா இருக்கு” என்றாள். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்க ஆரம்பித்தார். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பெயரைத் தேடி, காதில் வைத்தாள்.

“டாக்டரம்மா, நான்தான். தம்பி ஒரு மூட்டை கொண்டாந்திருக்கான். உப்பு இல்லாம செஞ்சதாம். தவிடு, பாகு, அந்த மருந்து. மாட்டுக்குக் குடுக்கலாமா?”

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தப் பக்கம் டாக்டரம்மா ஏதோ விசாரித்தாள். “ஒரு பிடிங்கிறான், ரெண்டு வேளை” என்றாள் அக்கா. அவர் சொம்பைக் கையில் வைத்தபடி, தான் செய்ததைத் தன் அக்கா வீட்டில் இறக்கலாமா கூடாதா என்ற பதிலுக்காக வாசலிலேயே நின்றார்.

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“குடுக்கலாமாம்” என்றாள் அவரிடம்.